சாரல் எல்லாருக்கும்தான் விழுகிறது



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதத்தில், தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் முதியவர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து மகன்மார் இருவரும் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், "பிள்ளைகள் எங்கே தாத்தா?" என்று கேட்டேன். "எல்லாரும் குற்றாலத்துல காட்டேஜ் எடுத்துத் தங்கியிருக்காங்க சாமி. நான் வீட்டுக்குக் காவல்" என்றார். பிறகு அவரே சிரித்துக்கொண்டு, "எனக்கு எதுக்கு சாமி குற்றாலம்? சாரல்தான் இங்கேயும் அடிக்குதே" என்றார்.

அவர் குறை சொல்லவில்லை. பிள்ளைகளும் கெட்டவர்கள் அல்லர். அப்பாவுக்கு முட்டு வலி, படி ஏற முடியாது, கூட்டத்தில் கஷ்டப்படுவார் என்று நினைத்துத்தான் விட்டுப் போயிருந்தார்கள். ஆனால் நானூறு மைல் பயணம் செய்து ஊருக்கு வந்த பேரப்பிள்ளைகளுக்கும் அவருக்கும் இடையே கடைசி சில மைல்கள் மிஞ்சி நின்றன. இந்தக் காட்சி பல குடும்பங்களில் நடப்பதுதான். ஆகவே, மூன்று தலைமுறையும் சேர்ந்து குற்றாலத்தில் சில நாள்களைக் கழிப்பது எப்படி, ஏன் என்று இன்று சிந்திப்போம்.

ஓய்வு யாருக்கு?

ஓய்வு நாள் கட்டளையை நாம் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அந்தக் கட்டளை யார் யாரைக் குறிப்பிடுகிறது என்று கவனித்திருக்கிறோமா? இணைச்சட்ட நூலில் (இச 5:14) குடும்பத் தலைவரோடு மகன், மகள், வேலையாள்கள், மாடு, கழுதை, ஊரில் தங்கியிருக்கும் அந்நியர் வரை ஒரு பட்டியலே இருக்கிறது. ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் உழைத்துக்கொண்டிருந்தால் அது ஓய்வு நாள் ஆகாது என்பதுதான் இதன் பொருள். ஓய்வு என்பது வீடு முழுவதற்குமான கொடை.

இந்த அளவுகோலை நம் விடுமுறைப் பயணங்களுக்கு வைத்துப் பார்ப்போம். முதியவர் வீட்டுக்குக் காவல். அம்மா காட்டேஜில் அடுப்புக்குக் காவல். அப்பா கைபேசிக்குக் காவல். பிள்ளைகள் மட்டும் தண்ணீரில். இதில் குடும்பம் எங்கே சுற்றுலா போனது? இடம் மாறியிருக்கிறது, வேலைப் பங்கீடு மாறவில்லை.

குற்றாலம் எப்போது குற்றாலம்?

முதலில் ஒரு நடைமுறைச் சிக்கல். நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும். ஆனால் குற்றாலத்தின் சீசன் ஜூனில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை. பள்ளி திறக்கும் நேரத்தில்தான் அருவியும் திறக்கிறது! மே மாதம் வந்து வறண்ட பாறையைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புகிறவர்கள் பலர்.

இதன் காரணத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லலாம். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளக் கரையைத் தொடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மேகங்களைத் தடுத்து நிறுத்துவதால் கேரளத்தில் கொட்டும் மழை நம் பக்கம் வருவதில்லை. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. அந்த இடைவெளி வழியாக ஈரக்காற்று நுழைந்து தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் சாரலாகத் தூவுகிறது. ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் திருநெல்வேலியில் அதே நாளில் வெயில் கொளுத்தும். மலைமேல் பெய்யும் அந்த மழையே சிற்றாற்றில் சேர்ந்து பேரருவியாக இறங்குகிறது. சிற்றாறு பிறகு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது.

ஆகவே, குடும்பமாக வர விரும்புகிறவர்கள் ஜூன், ஜூலை மாதங்களில் வார இறுதியோடு ஒன்றிரண்டு நாள் சேர்த்துத் திட்டமிடுவது நல்லது. சனி, ஞாயிறு கூட்டம் அதிகம். முதியவர்களை அழைத்து வருகிறவர்கள் வெள்ளி காலையிலோ திங்களிலோ அருவிக்குப் போனால் நெரிசல் குறையும்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டு தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாளை ஏற்படுத்தினார். அது ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு. இயேசுவின் தாத்தா பாட்டியாகத் திருச்சபை வணங்கும் புனிதர்கள் சுவக்கின், அன்னம்மாள் திருநாளான ஜூலை 26-ஐ ஒட்டி அது அமைந்திருக்கிறது. சாரல் நன்றாக இருக்கும் காலமும் அதுதான். அந்த ஞாயிறன்று தாத்தாவையும் ஆச்சியையும் வெறும் வாழ்த்தோடு விட்டுவிடாமல், கூடவே அழைத்துக்கொண்டு வரலாமே!

ஒவ்வொருவருக்கும் ஒரு இடம்

"ஆச்சியால் அருவியில் குளிக்க முடியாதே, வந்து என்ன செய்வார்கள்?" என்று கேட்கலாம். குற்றாலம் என்றால் ஒரே அருவி என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. குற்றாலம் ஊருக்குள்ளேயே பேரருவி இருக்கிறது. மேலேயிருந்து விழும் தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து நிரம்பி, வேகம் தணிந்து கீழே வருகிறது. அதனால்தான் அத்தனை உயரத்திலிருந்து விழும் நீரில் நாம் நிற்க முடிகிறது. சற்றுத் தொலைவில் ஐந்து கிளையாக விழும் ஐந்தருவி. சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற புலியருவி. இன்னொரு திசையில் பழைய குற்றாலம். செண்பகாதேவி அருவியும் தேனருவியும் மலைக்காட்டுக்குள் இருப்பவை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே போகக்கூடாது.

ஐந்தருவி செல்லும் சாலையில் வெண்ணமடை குளம் இருக்கிறது. சீசனில் குளம் நிரம்பியதும் அங்கே படகு விடுகிறார்கள். கரையில் உட்கார்ந்து மலையையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். முட்டு வலிக்காரருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஐந்தருவிக்கு மேலே தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா உண்டு. சீசன் நாள்களில் கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான், டுரியான் என்று மலைப்பழங்கள் குவிந்திருக்கும். அவற்றைப் பார்த்துப் பேரம் பேசி வாங்கும் வேலையை ஆச்சியிடம் விட்டுவிடுங்கள். யாரும் அவர்களை ஏமாற்ற முடியாது.

பேரருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. அங்கே குடும்பம் இரண்டாகப் பிரியும். இதையே நல்ல வாய்ப்பாக்கலாம். பேத்திகளுக்கு ஆச்சி பொறுப்பு, பேரன்மாருக்குத் தாத்தா அல்லது சித்தப்பா பொறுப்பு. வீட்டில் எப்போதும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டே இருக்கும் பிள்ளை அன்று அத்தையின் கையைப் பிடித்து நிற்கும். உறவு இப்படித்தான் வளர்கிறது.

சமையல் பற்றியும் ஒரு வார்த்தை. காட்டேஜ் எடுத்துத் தங்குகிறவர்கள் ஸ்டவ், அரிசி, மசாலாப் பொடி எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வருவது நம் வழக்கம். செலவு குறையும், பிள்ளைகள் வயிற்றுக்கும் நல்லது. ஆனால் அந்த மூட்டையோடு மருமகளின் அடுக்களையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. மற்றவர்கள் குளித்துவிட்டுப் பசியோடு வரும்போது சுடச்சுடச் சோறு வேண்டும். அதற்காக ஒருத்தி குளிக்காமல் இருக்கிறாள். ஒரு வேளை ஆண்கள் சமைக்கட்டும். பிள்ளைகள் வெங்காயம் உரிக்கட்டும். ஒரு வேளை பிரானூருக்குப் போய்ப் புரோட்டா சாப்பிடட்டும். குழம்பில் கொஞ்சம் உப்புக் கூடினால் குடிமுழுகிப் போகாது. வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில், நேரம் பார்க்காமல் குளித்துவிட்டு வருவதற்கு அது சின்ன விலைதான்.

தாத்தாவிடம் கேளுங்கள்

பயணத்தில் முதியவர்களைச் சுமையாக எண்ணுகிறோம். உண்மையில் வழிகாட்டி அவர்கள்தான். பிரானூர்ப் பகுதியை மக்கள் ஏன் இன்றும் 'பார்டர்' என்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா? செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான் தமிழகத்தோடு இணைந்தது. அதுவரை தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே எல்லை இருந்தது. எண்பது வயதுத் தாத்தா ஒருவர் சின்னப் பிள்ளையாக அதைக் கண்டிருப்பார்.

செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் ரயில் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளின் மேல் பாலம் கட்டி அமைத்த மீட்டர் கேஜ் பாதை அது. பதிமூன்று கண் பாலத்தைப் பார்ப்பதற்காகவே அதில் பயணம் செய்தவர்கள் உண்டு. அகலப்பாதையாக மாற்றும் பணிக்காக 2010-இல் ரயில் நின்றது. 2018-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. புகைவண்டியில் கரி கண்ணில் விழுந்த கதையை ஆச்சி சொல்வதும், அதே பாதையில் பேரன் சன்னலோரம் உட்கார்ந்து வருவதும் எவ்வளவு அழகான சந்திப்பு!

இந்த மண்ணுக்கு விருந்தோம்பலின் மரபும் உண்டு. ரசிகமணி டி.கே.சி. தம் வாழ்நாளின் பிற்பகுதியைக் குற்றாலத்தில் கழித்தார். 1954-இல் அவர் மறையும் வரை இராஜாஜி, கல்கி போன்றவர்கள் அவருடைய வீட்டு விருந்தினர்களாக வந்து தங்கினார்கள். அங்கே நாள்கள் நல்ல சாப்பாட்டிலும் கவிதைப் பேச்சிலும் கழிந்தன. குற்றாலத்துக்கு வந்தால் அவசரப்படாமல் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதை அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். ஒரு நாளில் ஐந்து அருவியையும் 'முடித்துவிட்டு' வீடு திரும்புகிறவர்கள் தண்ணீரைப் பார்க்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவோம்

இவ்வளவு சொன்னபின் ஒரு வேதனையான நிகழ்ச்சியையும் நினைவுபடுத்தியாக வேண்டும். 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவன் ஒருவன் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தான். குடும்பத்தோடு மகிழ்ச்சியாக வந்த பிள்ளை. அது சீசன்கூட இல்லை. கோடை மழைக் காலம்.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருக்க வேண்டும். நாம் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருக்கலாம். ஆனால் மேலே காட்டுக்குள் கனமழை பெய்திருந்தால் அந்த நீர் முழுவதும் ஒரே நேரத்தில் பாறை இடுக்கு வழியாக இறங்கும். நிமிடங்களுக்குள் அருவி பல மடங்காகிவிடும். தெளிந்த நீர் கலங்கிச் செம்மண் நிறமாவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது, தலையில் விழும் அடி கனப்பது ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சோப்புப் பெட்டி, துண்டு, செருப்பு என்று எதையும் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். உயரமான பக்கம் போக வேண்டும். நீரோட்டத்தின் திசையில் ஓடக்கூடாது.

பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டும்போது காவல்துறையினர் குளிக்கத் தடை விதிப்பார்கள். "நூறு மைல் தாண்டி வந்திருக்கிறோம், ஐந்தே நிமிடம்" என்று அவர்களிடம் வாதாடாதீர்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காக மன்றாடும் அப்பாவைப் பார்த்துத்தான் மகன் கம்பியைத் தாண்டக் கற்றுக்கொள்கிறான்.

முதியவர்களுக்கு இன்னும் சில கவனங்கள் தேவை. இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வரட்டும். அருவியின் நேர் கீழே போகாமல் ஓரத்தில் விழும் நீரில் நிற்கட்டும். பாசி படிந்த பாறையில் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கட்டும். மாத்திரை டப்பா ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். மது அருந்திவிட்டு அருவிக்குப் போவதும், மகிழ்ச்சி என்ற பெயரில் காட்டேஜில் குடிப்பதும் குடும்பத்தின் ஓய்வைக் கெடுக்கும் முதல் எதிரி. இதைப் பெண்கள் என்னிடம் கண்ணீரோடு சொல்லியிருக்கிறார்கள்; அதனால் எழுதுகிறேன்.

அருவிக்கும் ஓய்வு கொடுப்போம். எண்ணெய், சீயக்காய், சோப்பு, ஷாம்பு தேய்த்து அருவியில் குளிப்பதை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை செய்திருக்கிறது. நாம் கழுவிவிடும் நுரை கீழே உள்ள ஊர்களின் குடிநீரிலும் வயலிலும்தான் போய்ச் சேர்கிறது. குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காமலும், பிளாஸ்டிக் பையை வீசாமலும் வந்தால் நமக்குப் பின் வரும் குடும்பமும் மகிழும்.

காணாமற்போன சிறுவன்

நற்செய்தியில் ஒரு குடும்பப் பயணம் இருக்கிறது (லூக் 2:41-52). பன்னிரண்டு வயது இயேசு பெற்றோருடன் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போகிறார். திரும்பும்போது அவர் தங்களோடு இல்லை என்பதே ஒரு நாள் பயணம் வரைக்கும் மரியாவுக்கும் யோசேப்புக்கும் தெரியவில்லை. அவர்கள் கவலையற்ற பெற்றோரா? இல்லை. உறவினரும் ஊராரும் கூட்டமாக வருகிறார்கள். பிள்ளை யாராவது ஒரு சித்தப்பாவோடு, பெரியம்மாவோடு இருப்பான் என்று நம்பினார்கள். காணவில்லை என்று தெரிந்ததும் முதலில் தேடியதும் உறவினர்களிடையேதான். திருக்குடும்பம் என்றால் மூன்று பேர் மட்டும் உள்ள படத்தையே நாம் மாட்டி வைத்திருக்கிறோம். நற்செய்தி காட்டுவதோ உறவுகளோடு சேர்ந்து நடக்கும் குடும்பத்தை.

இன்று நம் வீடுகளில் பிள்ளைகள் காணாமற்போவது வேறு விதம். அதே அறையில் இருந்துகொண்டே கைபேசிக்குள் காணாமற்போகிறார்கள். முதியவர்கள் அதே வீட்டில் இருந்துகொண்டே காணாமற்போகிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாளாவது ஒதுக்க வேண்டாமா? ஒரு சிறு யோசனை: குளத்தங்கரையில் இருக்கும் நேரத்தில் எல்லாருடைய கைபேசியும் ஒரே பையில் இருக்கட்டும். பை தாத்தாவின் மடியில் இருக்கட்டும். நல்ல காவல்!

ஞாயிற்றுக்கிழமை தங்குகிறவர்கள் தென்காசியில் திருப்பலிக்குச் செல்ல மறக்க வேண்டாம். விடுமுறையில் எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு, அவற்றைத் தந்தவரை மறந்தால் நன்றாக இராது.

தொடக்கத்தில் சொன்ன முதியவருக்கு வருவோம். அந்த வாரமே ஞாயிறு திருப்பலி முடிந்து மூத்த மகன் என்னைப் பார்க்க வந்தார். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "உங்கள் அப்பா என்னிடம் சாரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்" என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

மறு ஆண்டு அவர்கள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் அருவிக்குப் படி ஏறவில்லை. வெண்ணமடை குளத்தங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படகில் போகும் பேரப்பிள்ளைகளுக்குக் கையசைத்திருக்கிறார். திருவிதாங்கூர் எல்லைக் கதையை மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் கடைக்குட்டிப் பேரன் அருவித் தண்ணீரை ஒரு சின்ன வாளியில் பிடித்து, பாதியை வழியில் சிந்திவிட்டு, மீதியைத் தாத்தாவின் காலில் ஊற்றினானாம். "அவ்வளவுதான் சாமி, நானும் குற்றாலத்துல குளிச்சாச்சு" என்று அவரே வந்து என்னிடம் சொன்னார். திண்ணையில் அன்று சிரித்த சிரிப்பு அல்ல அது.

உங்கள் வீட்டுத் திண்ணையில் இந்த ஆண்டு யார் காவல் இருக்கப் போகிறார்கள்? பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் வீட்டில் உள்ளவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எல்லாரோடும் பயணம் செய்யும் இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.